சிலுப்பினால் உத்தரவு

மூங்கில் காட்டில், குளக்கரையை ஒட்டி ஒரு கோழிக் கூட்டம் வாழ்ந்தது. அதற்குத் தலைவி சாம்பலி என்ற வயதான கோழி. அவளுடைய போதாத காலம், அந்த வருஷம் அடைகாத்த முட்டையெல்லாம் சேவலாகவே பொரிந்துவிட்டது.

சேவல்கள் வளர்ந்தால் சும்மா இருக்குமா? இருட்டு கலைவதற்குள் ஒருவன் கூவுவான். அவனுக்குச் சளைத்தவனா என்று இன்னொருவன் கூவுவான். விடிந்ததும் சண்டை. ஒரு புழுவுக்கு நாலு பேர் மல்லுக்கு நிற்பார்கள். புழு தன் பாட்டுக்கு மண்ணுக்குள் போய்விடும். பெட்டைகள் முதுகில் இறகு பிய்ந்துபோய், அழுதுகொண்டு வரும்.

“ஆத்தா, இவனுங்கள ஏதாச்சும் பண்ணு! எங்களால முடியல!”

சாம்பலிக்கும்தான் முடியவில்லை. கண்ணசந்து தூங்கியதே அவளுக்கு மறந்துவிட்டது. எல்லாம் தன் பிள்ளைகள்தான். ஆனாலும் அலுத்துப்போயிற்று.

இந்த அழுகை நரியின் காதுக்கு எட்டாமல் இருக்குமா? நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்து நின்றது.

“தாயி, நான் இப்போ வனத்துச் சாமிக்குப் பூசாரி. கறியெல்லாம் விட்டாச்சு! வேண்டாத சேவல சாமிக்கு நேர்ந்து விட்டுடேன்!”

“எது வேண்டாத சேவல்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? எல்லாம் நான் அடைகாத்தது.”

“நீ ஏன் சொல்லணும்? சாமி சொல்லும்! தலையில தண்ணி தெளிப்போம். சிலுப்பினா சாமி உத்தரவு குடுத்தாச்சு. சிலுப்பலைன்னா வந்த வழியே போயிடறேன்!”

முடிவு சொல்ல வேண்டியது இனி தான் இல்லை என்றதும் சாம்பலிக்குப் பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது. “என்னமோ செய்” என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

முதலில் முடுக்கனை நிறுத்தினார்கள். கூட்டத்திலேயே பெரிய தொண்டை அவனுக்குத்தான். நரி வாலைக் குளத்தில் நனைத்து அவன் தலையில் தெளித்தது. முடுக்கன் தலையைச் சிலுப்பினான்.

“உத்தரவு!” என்ற நரி, அவனைக் கவ்விக்கொண்டு புதருக்குள் போய்விட்டது.

மறுநாள் விடியலில் ஒரு குரல் குறைந்திருந்தது. சாம்பலி வெயில் ஏறும்வரை தூங்கினாள். எழுந்ததும், இப்படித் தூங்கிவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

நரி மறுபடியும் வந்து நின்றது. “சாமிக்குப் போதலையாம் தாயி! இன்னைக்குச் சொங்கி.”

சொங்கி கூவவும் மாட்டான், சண்டைக்கும் போகமாட்டான். மற்றவர்கள் அடித்துக்கொள்ளும்போது, கிடைத்ததைக் கொண்டுபோய்க் குஞ்சுகளுக்குப் போடுவான்.

“அவனால யாருக்கு என்ன தொந்தரவு?”

“அத நீயும் நானுமா முடிவு பண்றது? சாமி சொல்லட்டும்!”

சொங்கி தலை குனிந்து நின்றான். “பயப்படாத ஆத்தா. நான் சிலுப்பவே மாட்டேன்!”

அப்போது காற்றடித்தது. மூங்கில் இலையிலிருந்த பனி பொத்தென்று சாம்பலியின் கழுத்தில் விழுந்தது. அவள் தலையைச் சிலுப்பினாள். சிலுப்பிவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். ‘எனக்கு எந்தச் சாமி உத்தரவு கொடுத்தது? நனைந்தால் எவன்தான் சிலுப்பமாட்டான்? ஐயோ, முடுக்கா!’

அழ நேரமில்லை. “பூசாரி ஐயா, குளிக்காம தெளிச்சா சாமி எப்படி ஏத்துக்கும்? நேத்தும் நீங்க குளிக்கல. அதான் போதலைங்குது. முங்கிட்டு வாங்க!” என்றாள்.

சேவல் கைக்கு எட்டிய சந்தோஷத்தில் நரி குளத்தில் தொபீரென்று குதித்து முங்கியது. கரையேறியது. காலம் காலமான பழக்கம், மூக்கு முதல் வால் வரை ஒரு சிலுப்புச் சிலுப்பியது!

“உத்தரவு!” என்று கத்தினாள் சாம்பலி. “டேய், சாமி பூசாரியையே கேக்குதுடா!”

ஒரு புழுவுக்காக ஒருவரையொருவர் கிழித்துக்கொண்ட அந்தச் சேவல்கள் எல்லாம் முதல்முறையாக ஒரே பக்கம் பாய்ந்தன. திருநீறும் போய், காதும் கிழிந்து, நரி ஓடிய ஓட்டம் காட்டைத் தாண்டித்தான் நின்றது.

மறுநாள் இருட்டிலேயே கூவல் ஆரம்பித்தது. பெட்டைகள் அழுதுகொண்டு வந்தன. சாம்பலி முனகிக்கொண்டே எழுந்தாள். சண்டைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு, நோகிற காலோடு குளத்தைச் சுற்றி நடந்தாள்.

“இனி அக்கரையில கூவுங்கடா, போங்க!”

இவ்வளவுதான் வேலை. இதை அன்றைக்கே செய்திருக்கலாம். அக்கரையிலிருந்து வந்த கூவல்களை அவள் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். முடுக்கன் குரல் மட்டும் அதில் இல்லை.

அலுப்பில் அடுத்தவன் கையில் முடிவைக் கொடுக்காதே. ஓர் உயிரை வேண்டாததென்று காட்டும் சோதனையை, அதை வைக்கிறவன் தலையில்தான் முதலில் தெளித்துப் பார்க்க வேண்டும்.