மரநாய் சொன்ன பழ வேலை

ஒரு காட்டில் மாசிலாமணி என்றொரு மரநாய் இருந்தது. அது எந்த வேலையும் செய்யாது. வேலைக்கு ஆள் அனுப்புவதுதான் அதன் தொழில். வளை தோண்டவோ, பழம் பொறுக்கவோ யாருக்கு ஆள் தேவைப்பட்டாலும் மரநாயிடம் வருவார்கள். கூலியாகக் கிடைக்கும் கிழங்கில் அது தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

அந்தக் காட்டில் ஒரு சட்டம் உண்டு. ஆள் அனுப்புகிறவர் ஒவ்வொரு ஆளுக்காகவும் காப்புக் களஞ்சியத்தில் தானியம் போட வேண்டும். வேலையில் அடிபட்டவரும் அவர் குட்டிகளும் குணமாகும்வரை அதிலிருந்து சாப்பிடலாம். ஆபத்தில்லாத வேலைக்குக் கொஞ்சம் போட்டால் போதும். பாறை வேலைக்கு நிறையப் போட வேண்டும். குளக்கரையில் இருந்த அந்தக் களஞ்சியத்தை ஓர் ஆமை பார்த்துக்கொண்டது.

ஒருநாள் மலையடிவாரத்துக் கரடி மரநாயைத் தேடி வந்தது.

"என் குகை பத்தவில்லை. பாறையைக் குடைந்து பெரிதாக்க வேண்டும். பலமான ஆட்களாக அனுப்பு. அவர்களுக்குக் காப்பு இருக்கிறதல்லவா?"

"இல்லாமல் அனுப்புவேனா?" என்றது மரநாய்.

எந்த வேலைக்கான காப்பு என்று கரடி கேட்கவில்லை.

மரநாய் நேரே ஆமையிடம் போனது. "ஆட்கள் பழம் பொறுக்கப் போகிறார்கள், ஐயா. அதற்கு உண்டான தானியம் இது."

"பாறை வேலை ஏதும் உண்டா?"

"சேச்சே, நாவல் மரத்தடியில்தான் வேலை. குனிந்து நிமிர்வதைத் தவிர வேறு கஷ்டமில்லை."

ஆமை தானியத்தை வாங்கிக்கொண்டது. போய்ப் பார்க்கவில்லை.

வேலைக்குப் போனவர்களில் பூவாயி என்ற காட்டுப்பன்றியும் மாடன் என்ற முள்ளம்பன்றியும் இருந்தார்கள். காப்புக்கு என்று சொல்லி, அவர்கள் கூலியிலிருந்தும் மரநாய் கிழங்கைப் பிடித்துக்கொண்டது. பூவாயிக்குப் பால்குடி மறக்காத குட்டிகள் இருந்தன.

"எனக்கு ஏதாவது ஆனால் பிள்ளைகளுக்குச் சாப்பாடு வருமா?" என்று கேட்டாள்.

"வரும்மா. அதற்குத்தானே பிடிக்கிறேன்."

அதை நம்பி அவள் பாறையைக் குடைந்தாள். மழை பெய்த மறுநாள் குகையின் மேற்பாறை பெயர்ந்து விழுந்தது. மற்றவர்கள் ஓடித் தப்பினார்கள். பூவாயியின் முன்னங்கால் நசுங்கிவிட்டது.

மாடன் கரடியிடம் ஓடினான். "அவள் மரநாயின் ஆள். அவனிடம் கேள்" என்றது கரடி.

மரநாயிடம் ஓடினான். "அடிபட்டது கரடியின் குகையில். எனக்கு என்ன சம்பந்தம்?" என்றது மரநாய்.

கடைசியில் பூவாயியைத் தாங்கிப் பிடித்தபடி எல்லோரும் குளக்கரைக்கு வந்தார்கள். குட்டிகள் பசியில் கத்தின.

ஆமை காலைப் பார்த்தது. "இது பழம் பொறுக்கி வந்த காயமில்லையே. பழ வேலைக்குத்தான் எனக்குத் தானியம் வந்தது. பாறைக் காயத்துக்கு எப்படிக் கொடுப்பேன்?"

மாடனின் முட்கள் சிலிர்த்து நின்றன.

"பொய் சொன்னது அவன். பட்டினி கிடப்பது இவளா? இங்கிருந்து பார்த்தாலே அந்த மலை தெரிகிறது. நாங்கள் பாறை உருட்டிய சத்தம் இந்தக் குளம் முழுக்கக் கேட்டது. ஒருநாள் எழுந்து வந்து பார்த்தீர்களா? காப்புக்கென்று எங்கள் கூலியிலும் பிடித்தான். எங்கள் சாப்பாட்டைப் பிடுங்கித்தான் அந்தப் பொய்க்கே தானியம் போட்டிருக்கிறான்."

ஆமை களஞ்சியத்தின் கதவைத் திறந்தது. "நான் போய்ப் பார்த்திருக்க வேண்டும். முதலில் இவர்கள் சாப்பிடட்டும். குறைந்ததை நான் வசூல் செய்கிறேன்."

அன்றே ஆமை காட்டைக் கூட்டியது. மரநாய் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் வேலையாட்களே அதன் மரப்பொந்திலிருந்து இறக்கிக் களஞ்சியத்தில் கொட்டினார்கள். இனி அது யாரையும் வேலைக்கு அனுப்பக் கூடாது என்று தீர்ப்பானது. கேட்க வேண்டியதைக் கேட்காத கரடியும் தன் பங்குக்குத் தானியம் போட வேண்டியதாயிற்று.

"தவறிவிட்டது, பூவாயி. மன்னித்துவிடு" என்றது மரநாய்.

பூவாயி அதை நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்குத் தவறவில்லை. பாறை என்று தெரிந்தேதான் பழம் என்று சொன்னாய். என் பிள்ளைகள் இப்போது சாப்பிடுகிறார்கள். ஆனால் இந்தக் கால் இனி நேராகாது. நான் மன்னிக்க மாட்டேன்."

அவள் நொண்டிக்கொண்டே குட்டிகளை அழைத்துப் போனாள். மரநாயுடன் பேச அங்கே யாரும் நிற்கவில்லை.

பிறரை வேலைக்கு அனுப்பிப் பிழைப்பவர், அவர்கள் படும் காயத்துக்கும் முன்கூட்டியே பொறுப்பேற்க வேண்டும். அதில் பொய் சொல்லி மிச்சம் பிடிப்பது திருட்டு.