அக்கரைக் கைலி

இக்கரைக் கோயிலிலும் அந்தோணியார்தான், அக்கரைக் கோயிலிலும் அந்தோணியார்தான். நடுவில் இருந்த கடலில் மட்டும் இரண்டு நாடுகளைப் பிரிக்கும் ஒரு கோடு. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோட்டைத் தாண்டி மீன் பிடித்ததற்காக இன்னாசி அக்கரைச் சிறையில் ஐந்து மாதம் இருந்தார். ஆள் திரும்பி வந்தார். படகு வரவில்லை.

வந்த பிறகு அவருக்கு வேதம் படிக்க ஆசை வந்தது. மடத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் அமலோற்பவம் சிஸ்டரிடம் போய் உட்கார்ந்துவிட்டார். சிஸ்டர் அவரைவிட வயதில் சின்னவர். கடலைப் பார்த்தாலே தலைசுற்றும் திண்டுக்கல்காரர். ஆனாலும் இன்னாசிக்கு அவர்தான் குரு.

செவ்வாய்க்கிழமைதோறும் கோயிலில் நடக்கும் அந்தோணியார் நவநாள் வழிபாட்டில், நாடுகளுக்கிடையே சமாதானம் வேண்டி ஒரு மன்றாட்டு உண்டு. அதை வாசிப்பது இன்னாசி. நல்ல கணீர்க் குரல்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், நவநாளில் கொடுக்க வந்த பன்களைச் சிஸ்டர் தாம்பாளத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருசமா வாசிக்கிறேன் சிஸ்டர்," என்றார் இன்னாசி. "ஆண்டவர் காதுல விழலையா?"

சிஸ்டர் அடுக்கிக்கொண்டே இருந்தார்.

அதற்குள் இன்னாசியின் மைத்துனன் செபஸ்தி மூச்சிரைக்க வந்து நின்றான்.

"மச்சான், அக்கரைப் போட்டு ஒண்ணு எஞ்சின் நின்னு போயி நம்ம கரையில ஒதுங்கிருச்சு. மூணு பேரு. மீன் ஏலக்கொட்டகையில உக்கார வச்சிருக்கோம். போலீசு வர்றதுக்குள்ள வாங்க. அவங்க ஆளுக உங்களை என்ன பாடு படுத்துனாங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க."

"தண்ணி குடுத்தீங்களா?" என்று கேட்டார் சிஸ்டர்.

"மச்சான் வந்து சொல்லட்டும்னு இருக்கோம் சிஸ்டர்."

சொல்லிவிட்டு அவன் முன்னால் ஓடிவிட்டான். சிஸ்டர் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். இன்னாசியும் கூட நடந்தார்.

"என்னண்ணே செஞ்சாங்க உங்களை?"

இன்னாசிக்கு அந்தக் கதை மனப்பாடம். போராட்டப் பந்தலில் மைக்கில் சொன்னது, டிவிக்காரர்களிடம் சொன்னது. அக்கரைக் கடற்படைக்காரர்கள் துப்பாக்கிக் கட்டையால் தோளில் அடித்தார்கள். வெயிலில் முட்டி போட வைத்தார்கள். பிடித்த மீனையெல்லாம் கடலில் கொட்டினார்கள். ஒன்றும் பொய்யில்லை. தோள் இன்னமும் மழைக்கு வலிக்கிறது.

சிஸ்டர் முழுதும் கேட்டார்.

"இந்தக் கைலி எங்க வாங்குனதுண்ணே? இந்தக் கட்டம் நம்ம ஊர்க் கடையில பார்த்ததில்லையே."

இன்னாசி குனிந்து தன் கைலியைப் பார்த்தார்.

"ஒருத்தர் குடுத்தாரு."

"யாரு?"

"சூசைதாசன்னு, அங்கத்த மீனவர். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஜெயிலுக்கு வந்துருவாரு. சோறும் மீன்கொழம்பும் கொண்டாருவாரு."

"சொந்தமா?"

"சொந்தமா! நம்ம இழுவைப் போட்டுங்க அவரு வலையை அறுத்துப் போட்டிருக்கு சிஸ்டர். மொத நாளே சொன்னாரு. 'உங்கட ஆக்கள்தான் என்ர வலைய அறுத்தவங்கள்'னு. எனக்குச் சோத்துல கை வைக்க முடியலை. 'சாப்பிடுங்கோ, ஆறிப்போகுது'ன்னு கொழம்பை ஊத்துனாரு. விடுதலையானப்ப கட்டிக்க நல்ல துணி இல்லைன்னு இதையும் குடுத்து விட்டாரு."

"இதை மைக்குல சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலையே."

கொஞ்ச தூரம் போனதும் அவரே சொன்னார். "இதைச் சொன்னா என் போட்டு வராது சிஸ்டர். அடிச்சதைச் சொன்னாத்தான் மேல இருக்கறவங்க காது குடுப்பாங்க."

சிஸ்டர் நடையை எட்டிப் போட்டார்.

ஏலக்கொட்டகையில் ஊரே கூடியிருந்தது. ஐஸ்பெட்டி ஓரமாக மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். உதடெல்லாம் வெடித்திருந்தது. சிஸ்டர் தாம்பாளத்தை இன்னாசியின் கையில் கொடுத்துவிட்டு, பெண்களோடு போய் நின்றுகொண்டார்.

"சொல்லுங்க மச்சான்," என்றான் செபஸ்தி.

மூவரில் பெரியவர் இன்னாசியின் இடுப்பில் இருந்த கைலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எங்கட பக்கத்துச் சாரமெல்லோ, அண்ணை?"

இன்னாசி தலையாட்டினார். ஊரைப் பார்த்துத் திரும்பினார். முதலில் அடி வாங்கியதைச் சொன்னார். அது நடந்ததுதானே. அப்புறம் சூசைதாசனைச் சொன்னார். அறுந்த வலையைச் சொன்னார், குழம்பைச் சொன்னார். இதுவரை யாரிடமும் சொல்லிப் பழகாததால் கோர்வையாக வரவில்லை. அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது. முடித்ததும் அந்த மூன்று பேருக்கு எதிரில் மண்ணில் உட்கார்ந்தார்.

"என் போட்டும் இழுவைப் போட்டுதான்," என்றார். "பொறுத்துக்கங்க."

தாம்பாளத்தை அவர்கள் பக்கம் நகர்த்தினார்.

"சாப்பிடுங்க."

பெரியவர் ஒரு பன்னை எடுத்தார். அதைப் பிட்டு, பாதியை இன்னாசியிடம் நீட்டினார்.

முதலில் குடத்தோடு ஓடி வந்தது செபஸ்திதான். "யாராவது சொன்னாத்தானே நமக்குத் தெரியும்," என்று முணுமுணுத்துக்கொண்டே தண்ணீர் ஊற்றினான். போலீஸ் ஜீப் வந்து மூவரையும் ஏற்றிக்கொண்டபோது அவர்கள் மடியில் சோற்றுப் பொட்டலங்கள் இருந்தன. எந்த வீட்டுச் சோறு என்று யாருக்கும் தெரியாது, அத்தனை வீட்டிலிருந்து வந்திருந்தது.

சாயங்காலம் நவநாளில், நன்மை பெற்றவர்கள் எழுந்து நன்றி சொல்லும் நேரம் வந்தது. இன்னாசி எழுந்தார். சூசைதாசன் என்கிற பெயரைச் சொல்லி நன்றி சொன்னார். ஊர் முழுக்க ஆமென் சொன்னது. பிறகுதான் சமாதான மன்றாட்டை வாசித்தார்.

எல்லாரும் போன பிறகு அவர் சிஸ்டரிடம் வந்தார்.

"மத்தியானம் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே. இனிமேலாவது ஆண்டவர் காதுல விழுமா சிஸ்டர்?"

சிஸ்டர் காலித் தாம்பாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவர் அப்பவே கேட்டுட்டாருண்ணே. பதிலையும் குடுத்தனுப்பிட்டாரு. அதை இடுப்புல கட்டிக்கிட்டு வந்துதான், காதுல விழலையான்னு எங்கிட்ட கேட்டீங்க."