டிக்கிக்குள் கடகட

பெண் வீட்டில் மகனின் நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு, பெண்ணின் அப்பா மாசிலாமணியைத் தன் காரிலேயே கோவிலுக்கு அழைத்துப் போனார் சேர்மன் குலசேகரன். வழியெல்லாம் கடகடவென்று ஒரு சத்தம். சம்பந்தி முன்னால் மானம் போகிறதே என்று டிரைவர் சிங்காரத்தின் மேல் பாய்ந்தார்.

"வண்டியை நாசம் பண்ணிட்டியேடா. இங்கயே என்ன சத்தம்னு கண்டுபிடி. இல்லைன்னா சாவியை வச்சுட்டுப் போ."

சிங்காரம் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினான். பின்னாலிருந்து வண்டியை ஆட்டினான். கடகடத்தது.

"இன்ஜின் இல்லீங்கய்யா, டிக்கிக்குள்ள என்னவோ உருளுது. திறக்கட்டுங்களா?"

சேர்மனுக்கு வியர்த்தது. "வேண்டாம். சத்தமெல்லாம் ஒண்ணும் இல்ல, ஏறு."

"அப்ப என் மேல தப்பு இல்லைன்னு சம்பந்தி ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"நீ திறப்பா," என்று இறங்கி வந்தார் மாசிலாமணி.

ஸ்டெப்னி டயரின் நடுவே வெள்ளிப் பன்னீர்ச்செம்பு கிடந்தது. அதன் அடியில் மாசிலாமணியுடைய அப்பாவின் பெயர் வெட்டியிருந்தது. காலையில் அது காணாமல் போனபோது சமையல்காரம்மாவின் பையை உதறிப் பார்க்கச் சொன்னவரே சேர்மன்தான்.

மாசிலாமணி செம்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

சிங்காரம் டிக்கியை மூடி, வண்டியை மறுபடி ஆட்டிப் பார்த்தான். "இப்ப சத்தம் இல்லீங்கய்யா. கோவிலுக்குப் போகலாங்களா?"

"வீட்டுக்கே திருப்புப்பா," என்றார் மாசிலாமணி. "சமையல்காரம்மா கிளம்புறதுக்குள்ள இவரை அங்க கொண்டுபோய் நிறுத்தணும்."