ஐந்தாவது ஓட்டை

ஒரு பெல்ட் இருந்தது. அதற்கு ஐந்து ஓட்டைகள்.

இசக்கியப்பனின் கல்யாணத்துக்கென்று வாங்கிய பெல்ட் அது. தாலி கட்டிய மறுநாள் அவன் அதைப் போட்டபோது இரண்டாவது ஓட்டையில் கச்சிதமாக உட்கார்ந்தது. அதற்கு அப்புறம் இருந்த மூன்று ஓட்டைகளும் சும்மா அழகுக்குத்தான் என்று பெல்ட் நினைத்துக்கொண்டது. பாவம், அதற்கு விருந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இசக்கியப்பன் லைன்மேன். மின்கம்பத்தில் ஓணான் மாதிரி விறுவிறுவென்று ஏறுகிற ஒல்லி ஆள். தை மாதம் கல்யாணம் முடிந்தது. அவன் மனைவி மாரிச்செல்விக்குத் தென்காசியைச் சுற்றி எட்டுத் திக்கிலும் சொந்தம். ஞாயிறுதோறும் ஒரு வீட்டில் புது மாப்பிள்ளை விருந்து. போகாவிட்டால் மனஸ்தாபம், போய்ச் சரியாகச் சாப்பிடாவிட்டால் பெரிய மனஸ்தாபம்.

எல்லா வீட்டிலும் வரவேற்பு ஒன்றுதான். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ஒரு புதுக் கைலி நீண்டுவிடும்.

"மாப்ள, பேண்டக் கழட்டிப் போட்டுட்டு இத உடுத்துங்க. அப்பத்தான் வசதியா சாப்பிடலாம்."

பெல்ட் ஆணிக்குப் போகும், கைலி இடுப்புக்கு வரும். "நீ ஏன் சிரமப்படுத? போய் ஓய்வெடு. அவர் எவ்வளவு சாப்பிட்டாலும் நான் வளைஞ்சு கொடுப்பேன்" என்று கைலி ஆசையாகப் பேசும். முதலில் பெல்ட்டுக்கும் அது மரியாதையாகத்தான் பட்டது.

மூன்று விருந்து முடிந்ததும் மூன்றாவது ஓட்டை. பங்குனி பிறந்ததும் நாலாவது. விருந்து முடிந்து கிளம்பும்போது ஒரு தூக்குவாளி நிறையக் கறிக்குழம்பும் கையோடு வரும். அது புதன்கிழமை வரை தாங்கும். கம்பத்தில் ஏறும்போது இப்போதெல்லாம் இசக்கியப்பனுக்கும் கம்பத்துக்கும் நடுவில் தொப்பை வந்து நின்றது. பாதிக் கம்பத்தில் நின்று மூச்சு வாங்கினான். பெல்ட்டுக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. ஐந்தாவது ஓட்டைக்கு அப்புறம் வெறும் தோல்தான். அதைத் தாண்டினால் தன்னைத் தூக்கி மூலையில் போட்டுவிடுவார்கள் என்று அதற்கு நன்றாகத் தெரிந்தது.

பங்குனிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாரிச்செல்வியின் சித்தி சொர்ணம் வீட்டில் விருந்து. காலையிலேயே போய்விட்டார்கள். சித்தப்பா அணஞ்சபெருமாள் வாசலில் கைலியோடு நின்றார். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. அவர் கைலி தவிர வேறெதையும் கட்டி ஊரார் பார்த்துப் பல வருஷம் ஆகிறது.

பெல்ட்டை அடுக்களை வாசலில் இருந்த ஆணியில் மாட்டினார்கள். பக்கத்து ஆணியில் இன்னொரு பெல்ட் பூசணம் பூத்துத் தொங்கியது.

"நீங்க யாரோட பெல்ட்?"

"அணஞ்சபெருமாளோடது" என்றது அது சுகமாக. "வெயில் கிடையாது, வேர்வை கிடையாது. ஒரு பல்லி மட்டும் வந்து போகும். போகப் போகப் பழகிரும் தம்பி."

பெல்ட்டுக்கு அழுகையே வந்துவிட்டது. கோபத்தை யார் மேலாவது காட்ட வேண்டும் போலிருந்தது. இட்லிக்குக் கறிக்குழம்பு ஊற்றிவிட்டு அப்போதுதான் கரண்டி அடுக்களைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

"எல்லாம் உன்னாலதான். அந்த மனுசன் போதும் போதும்னு கத்துதான். உனக்குக் காது கேக்காதா?"

கரண்டிக்குச் சுருக்கென்று வந்தது. "இந்த ஊர்ல போதும்னு சொல்லாம யாராவது சாப்பிட்டிருக்காவளா? பசியோட உக்காந்திருக்கவனும் போதும்பான். அதைக் கேட்டு நான் நிறுத்திட்டா வந்தவன் அரை வயித்தோட போவான், சொர்ணம் ஒரு வாரம் தூங்க மாட்டா. அவ ராத்திரியே முழிச்சு மசாலா அரைச்சவ. நான் பாக்கது இலையத்தான். இலைய மூடினா நிறுத்துவேன். அவன் மூடலியே."

"மூட வெக்கப்படுதான்."

"அப்ப அவன் வயிறு ரொம்பினதை அவனுக்கு யார் சொல்லணும்? நீதான? நான் பரிமாறும்போது நீ எங்க இருந்த?"

பெல்ட் யோசித்துப் பார்த்தது. எத்தனை வீடு, எத்தனை விருந்து. ஒரு தடவைகூட அது இலைக்கு முன்னால் இருந்ததில்லை. எல்லாம் நடந்து முடிந்த பிறகு வந்து, ஓட்டை மாற்றிக்கொண்டு, அதோடு தன் வேலை முடிந்தது என்று இருந்திருக்கிறது. தப்பு கரண்டியிடம் மட்டும் இல்லை.

டிபன் முடிந்ததும் இசக்கியப்பனும் மாரிச்செல்வியும் கடைத்தெருவுக்குக் கிளம்பினார்கள். இசக்கியப்பன் பேண்டைப் போட்டான். நாலாவது ஓட்டைக்கு இழுத்துப் பார்த்தான், வரவில்லை. மூச்சை அடக்கி ஐந்தாவதில் மாட்டினான். "துணி சுருங்கிட்டு போலிருக்கு" என்றான்.

"துணியா?" என்றாள் மாரிச்செல்வி. அவள் பார்வை அவன் தொப்பையில் இருந்தது.

கடைத்தெருவிலிருந்து திரும்பும்போது வீதி முனையிலேயே பிரியாணி மணத்தது. வாசலில் அணஞ்சபெருமாள் மறுபடியும் கைலியை நீட்டினார். இசக்கியப்பன் பெல்ட்டில் கை வைத்தான்.

அந்த நேரம் பெல்ட் தன் பக்கிள் முள்ளைப் பல்லைக் கடிப்பதுபோல இறுகக் கடித்துக்கொண்டது. அவன் இழுத்தான், வரவில்லை. திருகினான், வரவில்லை. அணஞ்சபெருமாள் குனிந்து ஒரு கை பார்த்தார். அவருக்கும் வரவில்லை.

"நான் தயாரா இருக்கேன், விட்டுத் தொல" என்றது கைலி.

"இன்னைக்கு நீ ஓய்வெடு" என்றது பெல்ட்.

வேறு வழியில்லாமல் இசக்கியப்பன் பேண்டோடு தரையில் சம்மணம் போட்டான். உட்கார்ந்ததுமே பெல்ட் தன் இருப்பைச் சொன்னது. முதல் பரிமாறலுக்குப் பேசாமல் இருந்தது. பசிக்குச் சாப்பிடுகிறவனைத் தொந்தரவு செய்வது அதன் குணம் இல்லை. இரண்டாவது தடவை கரண்டி வந்தபோது லேசாக அழுத்தியது. அவன் போதும் என்றான், கரண்டி கேட்கவில்லை. வறுவலோடு மூன்றாவது தடவை வந்தபோது பெல்ட் முழு பலத்தையும் திரட்டி ஒரு பிடி பிடித்தது. இசக்கியப்பனுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

அவன் இலையை மூடிவிட்டான்.

கரண்டி அந்தரத்தில் நின்றது. வீடே நின்றது. சொர்ணத்தின் முகம் வாடிப்போயிற்று.

"சமையல் நல்லால்லியா மாப்ள? உப்பு கூடிப்போச்சா?"

இசக்கியப்பன் திணறினான். பொய் சொல்ல நினைத்தான், அதற்குக்கூட மூச்சு வேண்டியிருந்தது. "அய்யோ அத்தை, இப்படி ஒரு பிரியாணி நான் தின்னதே இல்ல. பெல்ட்டு விடமாட்டேங்கு. இதுக்கு மேல ஒரு ஓட்டை கிடையாது. போன வாரம் கம்பத்துல பாதியிலயே நின்னுட்டேன். கீழ நின்னவன் என்னண்ணே, அங்கயே குடியிருக்கப் போறீங்களாங்கான்."

மாரிச்செல்விக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அது சொர்ணத்துக்கும் தொற்றி, அவள் கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான மாப்ள? நீங்க போதும்னா, மரியாதைக்குச் சொல்லுதியன்னுல்லா நெனச்சேன்."

சாப்பிட்டதும் பாய் விரித்தார்கள். பெல்ட்டோடு படுக்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. நிற்கலாம், நடக்கலாம், அவ்வளவுதான். இசக்கியப்பனும் மாரிச்செல்வியும் வாய்க்கால் கரையோடு மர நிழலில் நடந்தார்கள். கல்யாணமாகி இத்தனை நாளில் ஒரு விருந்து மத்தியானத்தில் அவர்கள் விழித்திருந்து பேசியது அன்றுதான். பேச்சு சுவாரசியத்தில் இரண்டு மைல் போய்த் திரும்பினார்கள். வீட்டை நெருங்கும்போது பெல்ட் தானாகவே முள்ளை விட்டது. ஆனால் கழற்ற வேண்டும் என்று இசக்கியப்பனுக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்குள் வேறொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. அணஞ்சபெருமாள் எங்கிருந்தோ ஒரு பழைய பேண்டைத் தேடி எடுத்திருந்தார். பூசணம் பிடித்த பெல்ட்டைத் துடைத்து இடுப்பில் சுற்றியபோது இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியில் சணல் கயிற்றைக் கோத்து முடிந்துகொண்டார்.

"நான் நல்லாத்தானய்யா தொங்கிட்டிருந்தேன்" என்று முனகியது கிழட்டு பெல்ட். ஆனாலும் கயிற்றின் உதவியோடு அது விறைப்பாக நின்றது.

சாயங்காலம் காபியோடு அதிரசத் தட்டு வந்தது. அணஞ்சபெருமாள் ஒன்றை எடுத்தார். இரண்டாவதற்குக் கை நீட்டியவர், இடுப்பில் என்னவோ கடித்ததுபோல் கையை இழுத்துக்கொண்டார்.

சொர்ணம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அடுத்த ஞாயிறு விருந்து வைக்கப்போகிற தன் மதினிக்குப் போன் போட்டாள்.

"மதினி, மாப்ளைக்கு ஆட்டுக்கறியே எடுங்க, நல்லாத் திங்காவ. கைலி மட்டும் எடுத்து வைக்காண்டாம். இங்க எங்க வீட்டுக்காரவியளே பெல்ட்டக் கட்டிக்கிட்டுத்தான் பலகாரம் திங்காவ."