வலைக்கண்ணுக்கு யார் விரல்?

ஒரே கடலை மூன்று நாடுகள் பங்கு போட்டுக்கொண்டால், மீன்குஞ்சு யார் பேச்சைக் கேட்டு நீந்தும், சொல்லுங்கள்?

அப்படி ஒரு வளைகுடா இருந்தது. அதைச் சுற்றி மூன்று நாடுகள். மீன் அற்றுப்போய், அடுப்பு எரியாத வீடுகள் பெருகியபோது மூன்று நாட்டாரும் கூடி ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். வலைக்கண் மூன்று விரல் அகலத்துக்குக் குறையக் கூடாது. குஞ்சுகள் தப்பிப் போய் வளரட்டும். அவரவர் வலையை அவரவரே அளந்துகொள்ளலாம்.

அதற்குப் பிறகும் வலையில் குஞ்சுகளே வந்து விழுந்தன.

வடகரையின் தூதர் அருளப்பன் தன் குருவைத் தேடிப் போனார். குரு உலகம்மைக்கு அவரைவிட வயது குறைவு. முற்றத்தில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, நாளைக்குக் கடைசிக் கூட்டம். ஒப்பந்தத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு வான்னு எங்க ஆளுங்க சொல்றாங்க. கிழிச்சா அவனவன் கொசுவலையைத் தூக்கிக்கிட்டுக் கடலுக்குப் போயிருவான். அப்புறம் வெறும் தண்ணிதான் மிஞ்சும்."

"யார் ஏமாத்துறது?"

"தென்கரைக்காரங்கதான். ஒரு தையல்காரரை வச்சு அளக்கிறாங்க. விரலா அது? ஈர்க்குச்சி!"

"கீழ்க்கரையில?"

"அங்க விரலே வேண்டாமாம். தூரத்துல நின்னு கண்ணாலேயே அளந்துருவாங்களாம்."

"உங்க கரையில?"

அருளப்பன் கருவாட்டைப் பார்த்தார்.

"புதுசா வாக்கப்பட்டு வந்த பொண்ணு ஒண்ணு."

"கை எப்படி?"

"வெண்டைப்பிஞ்சு மாதிரி."

உலகம்மை சிரித்துவிட்டார். அருளப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அதான் அம்மா, இரும்புல அளவுகோல் அடிச்சு மூணு கரைக்கும் கொடுத்துரலாம்னு பார்க்கிறேன்."

"கொடுங்க. யார் பிடிச்சு அளப்பாங்க?"

"அந்தந்தக் கரைக்காரங்கதான்."

உலகம்மை கையிலிருந்த கருவாட்டைக் கீழே வைத்தார். "கையை நீட்டுங்க" என்றார்.

அருளப்பன் நீட்டினார். துடுப்புப் பிடித்துத் தடித்த கை. விரல் ஒவ்வொன்றும் பனங்கிழங்கு.

"இவ்வளவு நல்ல விரலை ஏன் சொந்தக் கரையிலேயே வச்சிருக்கீங்க? தென்கரைக்குக் கொண்டு போங்க."

"அப்ப எங்க வலையை?"

"அவங்க வந்து அளக்கட்டும்."

"தேடிப் பிடிச்சு ஒரு தடியனை அனுப்புவாங்களே அம்மா!"

"அனுப்பட்டுமே. குஞ்சுக்கு நல்லதுதானே?"

"எங்க ஆளுங்க என்னைச் சும்மா விடமாட்டாங்க."

"விடமாட்டாங்கதான்" என்று சொல்லிவிட்டு, உலகம்மை அடுத்த வரிசைக் கருவாட்டுக்கு நகர்ந்தார்.

மறுநாள் கூட்டத்தின் நடுவே அருளப்பன் ஒரு வலையை விரித்தார். அவருடைய கரையின் வலை. பின்னால் இருந்த வடகரைக்காரர்கள், "யோவ், சுருட்டுய்யா அதை!" என்று பல்லைக் கடித்தார்கள்.

தென்கரைத் தூதர் சேகு மரைக்காயர் வலையைக் குனிந்து பார்த்தார்.

"என்ன அருளப்பரே, கொசு பிடிக்கப் புறப்பட்டாச்சா?"

சபை சிரித்து ஓயும்வரை அருளப்பன் காத்திருந்தார்.

"மரைக்காயரே, உங்க கரையிலேயே தடிச்ச விரல்காரர் யாரோ, அவரைக் கொஞ்சம் எங்க வலைக்கு அனுப்பி வைங்க."