பாடாத பாட்டுக்குத் தீர்ப்பு

எனக்குக் கல்யாணமான வருஷம், எங்கள் மாதா கோயில் ஆர்மோனியக்காரர் ஞானப்பிரகாசம் அண்ணன் சொன்னது இது.

நாடகக் கொட்டகை மேனேஜர் தணிகாசலம், வேலை கேட்டு வருகிறவர்களைக் கண்ணை மூடிக்கொண்டுதான் சோதிப்பார். "அப்பத்தான்யா சுருதி தெரியும்" என்பார். பாதிப்பேர் அழுதுகொண்டே திரும்புவார்கள்.

அன்று நாடகத்தில் கோமாளி வேஷம் கட்டும் பபூன் சவரிமுத்து வந்தார். வேலை கிடைக்காவிட்டால் வீட்டில் அடுப்பெரியாது.

"கல்லும் கரையணும், பாடு!" என்று மேனேஜர் கண்ணை மூடினார். பக்கத்தில் கொட்டகை முதலாளி இருந்தார். சவரிமுத்து வாயே திறக்காமல் நின்றார். மேனேஜரிடமிருந்து மெல்லக் குறட்டை கேட்டது. அப்புறம் சவரிமுத்து லேசாகச் செருமினார்.

மேனேஜர் திடுக்கிட்டு விழித்து, "போதும்! சுருதி சேரல, ஊருக்குப் போ!" என்றார்.

"நான் இன்னும் பாடவே இல்லீங்களே, ஐயா."

முதலாளி சிரித்துவிட்டு சவரிமுத்துவை அப்போதே வேலைக்கு வைத்துக்கொண்டார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்ப இதுக்கு முன்னால அழுதுட்டுப் போனவங்க?" என்று கேட்டார்.

இன்று ஜெபிக்கும்போது அவர்களுக்காகவும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.