குட்டி நாற்காலியில் தாளாளர்

கிட்ட வந்து உக்காருங்க, சொல்றேன். இஸ்திரி போடுற பவுனுத்தாய் தன் மூணு வயசு மகளை மழலைப் பள்ளியில் சேர்க்கப் போனாள். தாளாளர் தனகோடி ஒரு குட்டி நாற்காலியைக் காட்டினார்.

"இதுல அரைமணி நேரம் ஆடாம அசையாம உக்காந்தாத்தான் இங்க இடம்."

"எப்படின்னு நீங்க ஒருதரம் உக்காந்து காட்டுங்கய்யா. பாத்துக்குவா."

வீறாப்பாய் உட்கார்ந்தார். ரெண்டாம் நிமிஷமே நெளிந்தார். மூக்கில் ஒரு ஈ உட்கார, விரட்ட எழுந்தார். இடுப்போடு நாற்காலியும் எழுந்தது. வகுப்பில் வாய்பொத்தி உட்கார்ந்திருந்த பிள்ளைகளெல்லாம் குலுங்கிச் சிரித்தன.

"யார்டா சிரிச்சது?"

எல்லாம் கப்சிப்.

"சரி சரி, உன் மகளைச் சேத்துக்கிறேன்" என்றார் வெட்கத்தோடு.

"வேண்டாங்கய்யா. இங்க பிள்ளைங்க சிரிச்சா என்ன கிடைக்கும்னு பாக்கத்தான் உங்களை உக்காரச் சொன்னேன்."

நேராக எதிர்த்தெரு அங்கன்வாடிக்குப் போனாள். பிள்ளைகள் மணலில் உருண்டு கத்திக்கொண்டிருந்தன. பிடித்திருந்த மகளின் கையை அங்கேதான் விட்டாள்.